சந்தேகத்தின் ஒழுக்கம்

2021 ஜூலையில் பெரியப்பா தடுப்பூசி போட்டுக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வயது 68. சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. மைசெஜாத்ரா செயலியில் அவருக்குத் தேதி வந்தது, அவர் போகவில்லை, தேதியும் கடந்துவிட்டது. சிரம்பானில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளித்தான் அவர் வீடு. குடும்பத்தில் அறிவியல் பக்கம் படித்தவன் நான் ஒருவன் என்பதால் அவரைச் சம்மதிக்க வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கேட்டுக்கு வெளியே முகக்கவசத்தோடு நின்றுகொண்டு, தடுப்பூசி உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதைத் தாளில் படம் வரைந்துகூடக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே வரியில் முடித்தார்.

“அப்பவும் இப்படித்தான் ஊசி போட்டானுங்க. புக்கிட் பெலாண்டோக்ல ஊசி போட்டவனும் செத்தான்.”

“அது வேற பெரியப்பா, இது வேற.”

“என்னா வேற? எல்லாம் அதே டோக்டருங்கதான்.”

அது எப்படி வேறு என்று எனக்கே தெரியாது. 1999இல் எனக்கு இரண்டு வயது. சும்மா சமாளித்தேன். அது அவருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அன்று இரவு உட்கார்ந்து தேடிப் படித்தேன். அவர் சொன்ன தகவல் சரி. புக்கிட் பெலாண்டோக்கில் தடுப்பூசி போட்டவர்களும் நோயில் விழுந்திருக்கிறார்கள், இறந்திருக்கிறார்கள். அதைத் திரித்துச் சொல்லவோ மிகைப்படுத்தவோ அவருக்குத் தேவையே இருக்கவில்லை. ஆனால் அதிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவு தவறு. ஒரு சரியான தகவலுக்கும் ஒரு தவறான முடிவுக்கும் நடுவில் என்ன நடக்கிறது? இந்தக் கேள்வி நாலு வருஷமாக என்னோடு இருக்கிறது. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

*

1998 செப்டம்பர் கடைசியில் பேராக்கின் கிந்தா மாவட்டத்தில், ஈப்போவைச் சுற்றியுள்ள பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் காய்ச்சலில் விழத் தொடங்கினார்கள். காய்ச்சல், தலைவலி, பிறகு மயக்கம், வலிப்பு, கோமா. மூளைக்காய்ச்சலின் அறிகுறிகள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல், சுருக்கமாக ஜே.இ., நம் நாட்டுக்குப் புதியதில்லை. அந்தக் கிருமி பன்றியின் உடம்பில் பெருகும்; கொசு அதை மனிதனிடம் கொண்டுவரும். பன்றி இருக்கிறது, கொசு இருக்கிறது, மூளைக்காய்ச்சல் இருக்கிறது. சில நோயாளிகளின் இரத்தத்தில் ஜே.இ. கிருமிக்கான எதிர்ப்பொருளும் இருந்தது. வழக்கு முடிந்துவிட்டது போலத்தான் தெரிந்தது.

எனவே வீடு வீடாகக் கொசுப் புகை அடித்தார்கள். பண்ணைகளில் இருந்தவர்களுக்கு ஜே.இ. தடுப்பூசி போட்டார்கள். ஆனால் நோய் நிற்கவில்லை. வருடக் கடைசியில் நெகிரி செம்பிலானுக்கு வந்தது. முதலில் சிக்காமாட், பிறகு போர்ட்டிக்சன் மாவட்டத்தில் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா. அப்போது நாட்டிலேயே பெரிய பன்றி வளர்ப்பு வட்டாரம் அது.

ஜே.இ. என்ற விளக்கத்தோடு ஒத்துப்போகாத விஷயங்கள் தொடக்கத்திலிருந்தே கண்ணெதிரே இருந்தன. ஜே.இ. பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும் நோய். இங்கே விழுந்தவர்களோ வளர்ந்த ஆண்கள். அதுவும் பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்கள். கொட்டகைப் பக்கம் போகாதவர்கள் அதே வீட்டில், அதே கொசுக்கடியில் பெரும்பாலும் நன்றாக இருந்தார்கள். பக்கத்தில் வாழ்ந்த மலாய்க்காரர்களுக்கு நோய் வரவில்லை. கொசு மதம் பார்த்துக் கடிப்பதில்லை. இதெல்லாம் போக, மனிதர்களுக்கு முன்னால் பன்றிகள் நோயில் விழுந்தன. நாய் குரைப்பதுபோல் தொலைவுக்குக் கேட்கும் இருமல். ஜே.இ. வந்த பன்றி அப்படி இருமாது. பண்ணைகளில் நாய்களும் செத்தன. கடைசியாக, தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பாவிலிருந்து வந்த ஒரு நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். ஆய்வகத்தில் வளர்த்த செல்களை அது ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய செல்களாக்கிக்கொண்டிருந்தது. ஜே.இ. கிருமி செய்யும் வேலையாக அது இல்லை. மாதிரியை எடுத்துக்கொண்டு அவர் அமெரிக்காவுக்குப் பறந்தார். அங்கே நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது அது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது என்று உறுதியானது. 1994இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளையும் மனிதர்களையும் கொன்ற ஹென்ட்ரா கிருமிக்கு உறவுக்காரன். புதிய கிருமிக்குச் சுங்கை நிப்பாவின் பெயரே வைக்கப்பட்டது.

கொசுவுக்கு இதில் பங்கே இல்லை. பன்றியின் சளி, எச்சில், சிறுநீர் வழியாக நேராக மனிதனுக்கு வந்த நோய். அதே மார்ச்சில் சிங்கப்பூரின் பன்றி அறுப்புக்கூடத்தில் வேலை செய்த 11 பேர் நோயில் விழுந்து ஒருவர் இறந்தார். மலேசியப் பன்றி இறக்குமதியை சிங்கப்பூர் நிறுத்தியது. அங்கே நோயும் நின்றது. இங்கே ராணுவம் இறங்கி ஒரு மில்லியன் அளவுக்குப் பன்றிகளை அழித்தது. மலேசியாவில் நோய் கண்டவர்கள் 265 பேர், இறந்தவர்கள் 105 பேர் என்பது பரவலாக எடுத்தாளப்படும் கணக்கு. நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது நம்மில் பலர் மறுபடியும் பார்த்த ‘கன்டேஜியன்’ படத்தின் கற்பனைக் கிருமிக்கு நிப்பாதான் முன்மாதிரி. அந்தக் கதை எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரக் கார் பயணத்தில் தொடங்கியது என்பது படம் பார்த்தபோது எனக்குத் தெரியாது.

*

இந்தக் கதையை இரண்டு விதமாகச் சொல்லலாம். இரண்டும் வசதியானவை.

ஒன்று, அறிவியலின் வெற்றிக் கதை. ஒரு மருத்துவர், ஒரு நுண்ணோக்கி, ஒரு கண்டுபிடிப்பு. இன்னொன்று பெரியப்பாவின் கதை. அதிகாரிகள் தப்பாகச் சொன்னார்கள், ஜனங்கள் செத்தார்கள், எனவே எவரையும் நம்பாதே. இரண்டையும் என்னால் முழுசாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஜே.இ. என்று சொன்னவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் கையில் இருந்த பரிசோதனை முடிவும் பொய் இல்லை. இந்த இடத்தில்தான் நான் ரொம்ப நாள் நின்றேன். ஜே.இ. கிருமி இந்த மண்ணில் நெடுநாளாக இருக்கிறது. அதைச் சந்தித்த உடம்பில் எதிர்ப்பொருள் இருக்கும். தடுப்பூசி போட்ட உடம்பிலும் உண்டாகும். ‘இவர் உடம்பு ஜே.இ. கிருமியைச் சந்தித்திருக்கிறதா?’ என்று பரிசோதனையைக் கேட்டால், ‘ஆம்’ என்று அது உண்மையைச் சொல்லும். ஆனால் கேட்டிருக்க வேண்டியது, ‘இவரைக் கொல்வது எது?’ முதல் கேள்வியின் பதிலை இரண்டாவது கேள்வியின் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். தரவு சரியாக இருந்தும் முடிவு தவறாகப் போனது.

ஒரு கோட்பாடு அறிவியலாக இருக்க வேண்டுமென்றால், எது நடந்தால் தான் தவறு என்பதை அது முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றார் கார்ல் பாப்பர். ஜே.இ. என்ற விளக்கம் உண்மையில் அதைச் சொல்லித்தான் இருந்தது. குழந்தைகள் விழ வேண்டும், ஊசி போட்டவர்கள் தப்ப வேண்டும், புகையடித்தால் குறைய வேண்டும். ஒவ்வொன்றாகப் பொய்த்தது. ஆனால் சமாதானம் சொல்ல மனிதனுக்கு எப்போதும் ஏதாவது கிடைக்கும். ஊசி வேலை செய்ய நாளாகும், இன்னும் கூடுதலாகப் புகையடிக்க வேண்டும். பாப்பர் சொன்ன சோதனை தாளில் எளிது. அதைச் செய்ய வேண்டியவர்கள் களைத்த, பயந்த, மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டிய மனிதர்கள்.

அவர்கள் காதில் வேறு யாருடைய குரலாவது விழுந்ததா என்பது அடுத்த கேள்வி.

*

மிராண்டா ஃபிரிக்கர் என்ற பிரிட்டிஷ் தத்துவவாதி 2007இல் எழுதிய நூலில் ஒரு வகை அநீதியைப் பற்றிப் பேசுகிறார். ஒருவர் சொல்வதை, அவர் யார் என்பதற்காகவே குறைத்து மதிப்பிடுவது. இதைச் ‘சாட்சிய அநீதி’ என்று சொல்லலாம். அடிக்கவில்லை, திட்டவில்லை, சொத்தைப் பறிக்கவில்லை. ‘இவனுக்கு என்ன தெரியும்’ என்று மனசுக்குள் நினைத்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டுகிறோம். தெரிந்துகொள்ளக்கூடியவர் என்ற ஸ்தானத்திலிருந்தே அந்த மனிதரை இறக்கிவிடுகிறோம். ஃபிரிக்கர் இதை அறிவின் பிழை என்பதோடு நிறுத்தாமல் ஒழுக்கத்தின் பிழை என்றும் சொல்கிறார்.

பன்றி வளர்ப்பவருக்குப் பன்றியின் இருமல் தெரியும். எந்தக் கொட்டகையில் முதலில் இருமல் கேட்டது, அங்கே வேலை செய்தவர்களில் யார் படுத்தார்கள், யார் படுக்கவில்லை என்று தெரியும். அது கல்லூரிப் படிப்பு இல்லை என்றாலும் கணக்குதான். எத்தனை பேர், எங்கே, எதற்குப் பிறகு. ஆனால் பன்றி என்ற சொல்லையே பொது இடத்தில் தாழ்ந்த குரலில் சொல்லும் நாடு இது. பண்ணைக்காரர்கள் கிராமத்துச் சீனர்கள். கூலிக்கு நின்றவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். ஒரு சீனப் பண்ணைக்காரரோ, கொட்டகை கழுவும் ஒரு தமிழரோ, அரைகுறை மலாயில், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரிடம், ‘இது கொசு இல்ல சார்’ என்று சொல்வதைக் கற்பனை செய்து பாருங்கள். அந்த வாக்கியம் ஒரு கோப்புக்குள் போய்ச் சேர எத்தனை கதவுகளைத் தாண்ட வேண்டும்?

அதற்காகப் பண்ணைக்காரர்களைப் புனிதர்களாக்கிவிட முடியாது. பேராக்கில் நோய் வந்ததும் பலர் பயத்தில் பன்றிகளைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். லோரியில் ஏறித் தெற்கே வந்த பன்றிகளோடுதான் நோயும் நெகிரி செம்பிலானுக்கு வந்தது. கடன் இருக்கிறது, தீவனக் கணக்கு இருக்கிறது, நாளைக்கு விலை போகுமா என்று தெரியாது. அந்த நிலையில் மனிதர்கள் செய்வதைத்தான் செய்தார்கள். ஆனால் ஆபத்து கொசுவில் இருக்கிறது என்று எல்லாரும் நம்பிய நாட்களில், லோரியில் ஏறும் விலங்கின் மேல் கவனம் குறையத்தானே செய்யும்? ஆய்வகத்தில் நடந்த பிழை ஆய்வகத்தோடு நிற்கவில்லை. மனிதர்கள் எதைப் பார்த்துப் பயந்தார்கள், எதைப் பார்த்துப் பயப்படவில்லை என்பதையும் அது தீர்மானித்தது.

நம் பள்ளி மேடைகளில் எல்லாரும் ஒருமுறையாவது ஒப்பித்த குறள் ஒன்று அறிவுடைமை அதிகாரத்தில் உண்டு. யார் சொன்னாலும் சொல்லின் மெய்யைப் பார் என்பது. அதை நாம் ஒரு பக்கமாகவே எடுத்துக்கொள்கிறோம்: பெரியவர் சொன்னாலும் அப்படியே நம்பாதே. அதற்கு மறுபக்கமும் உண்டு. கொட்டகை கழுவுபவர் சொன்னாலும் தள்ளிவிடாதே. முதல் பக்கம் நம்மைப் புத்திசாலியாக உணர வைக்கிறது. இரண்டாவது பக்கம் கொஞ்சம் கூச்சப்பட வைக்கிறது.

என்னை வைக்கிறது. காரணம் இருக்கிறது.

*

படிப்பு முடித்து நான் முதலில் சேர்ந்தது ஒரு பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிற்சாலையில். பிளாஸ்டிக் குருணையை உருக்கி அச்சுக்குள் செலுத்தி உதிரிப் பாகங்கள் செய்யும் இடம். இரண்டாவது வருடம் ஒரு பாகத்தின் மேல்புறத்தில் வெள்ளி நிறத்தில் கோடுகள் வரத் தொடங்கின. வாடிக்கையாளர் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார். காரணம் கண்டுபிடிக்கும் பொறுப்பு என்னிடம்.

இப்படிக் கோடு வந்தால் முதலில் ஈரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். குருணை ஈரமாக இருந்தால் உருகும்போது ஆவியாகிக் கோடு போடும். அதற்காகத்தான் டிரையரில் காய வைக்கிறோம். டிரையரின் பதிவைப் பார்த்தேன். வெப்பநிலை எத்தனை இருக்க வேண்டுமோ அத்தனை இருந்தது. ஒரு டிகிரி விலகல் இல்லை. சரி, ஈரம் இல்லை என்று முடிவு கட்டினேன். பிறகு ரிஜெக்ட் கணக்கை எடுத்து யார் சிஃப்டில் அதிகம் என்று பார்த்தேன். இரவு சிஃப்டில் ஒரே மெஷினில் நின்ற நேப்பாளத்துப் பையனின் பெயர் மேலே வந்தது.

பேக்கிங் பகுதியில் பதினைந்து வருஷமாக வேலை செய்யும் அக்கா ஒருவர் இருந்தார். ஒருநாள் டீ நேரத்தில் அவராகவே வந்து சொன்னார்.

“தம்பி, மழை பேஞ்ச அன்னிக்கு ராத்திரிதான் இந்தக் கோடு வருது. நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். அந்தப் பையன் மேல தப்பு இல்ல.”

“டிரையர் சரியா ஓடுதுக்கா. பதிவைப் பாத்துட்டேன்.”

“நீங்க பாத்தா சரிதான் தம்பி.”

அறிக்கையில் ‘மனிதத் தவறு’ என்று எழுதினேன். எங்கள் தொழிலில் இது ரொம்ப வசதியான சொல். எழுதியதும் கோப்பு மூடிவிடும். அந்தப் பையனை வேறு பகுதிக்கு மாற்றினார்கள், ஓவர்டைம் இல்லாத பகுதி. அடுத்த ஒப்பந்தம் அவனுக்குப் புதுப்பிக்கப்படவில்லை.

அவன் மாறிய பிறகும் கோடு வந்தது. இரண்டு மாதம் கழித்துப் பராமரிப்பு ஆட்கள் டிரையரைத் திறந்தார்கள். உள்ளே காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் காலாவதியாகிக் கிடந்தன. காற்று சூடாக இருந்தது, ஆனால் ஈரத்தோடு இருந்தது. நான் பார்த்த பதிவு வெப்பத்தை மட்டும் அளந்தது. காற்றில் மிச்சமிருக்கும் ஈரத்தை அது அளக்கவே இல்லை. மழை நாளில் வெளிக்காற்றில் ஈரம் கூடும்போது கோடு வந்தது. அக்கா சொன்னதுதான். மணிகளை மாற்றினார்கள், கோடு நின்றது. அதற்குள் பையன் ஊருக்குப் போய்விட்டான்.

புக்கிட் பெலாண்டோக்கில் இறந்தவர்களோடு இதை ஒப்பிட முடியாது என்று தெரியும். ஆனால் பிழையின் வடிவம் ஒன்றுதான். கருவி உண்மையைச் சொன்னது, நான் கேட்ட கேள்வி வேறு, சரியான கேள்வியைக் கையில் வைத்திருந்தவர் என் முன்னால் நின்றார். அவர் சொன்னதைச் சோதிக்க எனக்கு ஒரு வாரம் போதும். மழை பெய்த நாட்களின் கணக்கையும் ரிஜெக்ட் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். நான் ஏன் செய்யவில்லை? அக்காவை நான் மதிக்கவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பேன். தீபாவளிக்கு அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். மனிதராக மதித்தேன். தெரிந்தவராக மதிக்கவில்லை. இரண்டும் வேறு என்பது எனக்கு அப்போது தெரியாது.

*

இப்போது பெரியப்பாவுக்குத் திரும்புகிறேன். ‘நிபுணர் சொல்வதைச் சந்தேகப்பட்ட பண்ணைக்காரர் சரி என்றால், பெரியப்பாவும் சரிதானே?’ என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. ‘சாமானியன் சொல்வதைக் கேளுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், வாட்ஸ்அப்பில் வரும் ஒவ்வொரு குரல் பதிவுக்கும் நாம் தலை வணங்க வேண்டியிருக்கும்.

இரண்டு சந்தேகமும் ஒன்றில்லை என்று நினைக்கிறேன். ‘கொசு என்றால் குழந்தைக்கு ஏன் வரவில்லை? பக்கத்துக் கம்பத்துக்கு ஏன் வரவில்லை?’ என்ற சந்தேகம் ஒரு இடத்தைச் சுட்டுகிறது. போய்ப் பார், எண்ணிப் பார் என்கிறது. எண்ணிப் பார்த்து அது தவறாகப் போயிருந்தால் கொசுவை ஏற்றுக்கொள்ள அதனால் முடியும். அக்காவின் மழையும் அப்படித்தான். மழை இல்லாத நாளிலும் கோடு வந்திருந்தால் அவர் பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். இப்படிப்பட்ட சந்தேகம் தன்னையும் பணயம் வைக்கிறது.

பெரியப்பாவின் சந்தேகம் எதையும் பணயம் வைக்கவில்லை. ‘எல்லாம் அதே டோக்டருங்கதான்’ என்பதை எந்த எண்ணிக்கையாலும் அசைக்க முடியாது. 2021 ஆகஸ்டில் நாட்டில் ஒருநாள் தொற்று 20,000ஐத் தாண்டியது. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். ஊசி போடாதவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதை மருத்துவமனைகள் கண்கூடாகப் பார்த்தன. அவர் எதையும் கேட்கத் தயாராக இல்லை. கேள்வி கேட்பதுபோல் தோன்றினாலும் அவருடையது கேள்விகளை முடித்துவைக்கும் சந்தேகம். 1999இல் ‘ஜே.இ.தான்’ என்று விடாமல் பிடித்துக்கொண்டிருந்த உறுதிக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

அறிவியல் தன் சொந்தக் கதைகளையே எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். நிப்பா பழந்தின்னி வௌவால்களிடமிருந்து வந்தது என்று பின்னர் தெரிந்தது. தியோமான் தீவில் வௌவாலின் சிறுநீரிலிருந்தும் அது கடித்துப் போட்ட பழத்திலிருந்தும் கிருமியை எடுத்துக் காட்டியவரும் சுவாவின் குழுவினர்தான். ஏன் அந்த வருடம் வௌவால்கள் பண்ணைக்கு வந்தன? 1997இன் காட்டுத்தீயும் புகைமூட்டமும் காட்டில் பழம் இல்லாமல் செய்துவிட்டன, பசித்த வௌவால்கள் பண்ணையோர மாமரங்களைத் தேடி வந்தன என்று ஒரு விளக்கம் வந்தது. அழகான விளக்கம். நமக்குப் பிடித்த நீதிக்கதையும்கூட, இயற்கையை அழித்தோம், அது திருப்பி அடித்தது. ஆனால் 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு, புகைமூட்டத்தைவிட, ஒரே பண்ணையில் மாமரத்தையும் ஆயிரக்கணக்கான பன்றிகளையும் சேர்த்து வளர்த்த முறைதான் முக்கியக் காரணம் என்று வாதிட்டது. பிடித்த கதையைக்கூடத் திரும்ப எண்ணிப் பார்க்கிறார்கள். இந்தப் பழக்கத்தைத்தான் நான் சந்தேகத்தின் ஒழுக்கம் என்கிறேன். இது படித்தவர்களின் தனிச்சொத்து இல்லை. நாங்கள் படித்தவர்களே அடிக்கடி தொலைத்துவிடுகிற ஒன்று.

நிறுவனங்களும் இதைக் கற்றுக்கொள்ள முடியும். 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் நிப்பா வந்தபோது, ஒரே குடும்பத்தில் ஒருவருக்குப் பின் ஒருவர் படுத்ததைக் கவனித்த மருத்துவர்கள், ‘இது வழக்கமானது இல்லை’ என்று மாதிரிகளை உடனே மணிப்பால் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். சில நாட்களில் பெயர் தெரிந்துவிட்டது. அப்போதும் உயிர்கள் போயின. ஆனால் ஆறு மாதம் கொசுவைத் துரத்த வேண்டியிருக்கவில்லை. சுங்கை நிப்பா ஏற்கெனவே விலை கொடுத்திருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

*

பெரியப்பா கடைசியில் ஊசி போட்டுக்கொண்டார். என் படமும் விளக்கமும் காரணம் இல்லை. இரண்டு ஊசி போட்டவர்கள்தான் கடையில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற விதி வந்தது. கூட்டாளிகள் எல்லாரும் கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடிக்க, இவர் மட்டும் பொட்டலம் கட்டி வாங்கிவர வேண்டியிருந்தது. இரண்டு வாரம் பார்த்தார், போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். குடும்பத்தில் எல்லாருக்கும் நிம்மதி. எனக்கும்தான். ஆனால் அவர் மனசில் எதுவும் மாறவில்லை என்று தெரிந்தது.

தொழிற்சாலைச் சம்பவத்துக்கு அப்புறம்தான், போன வருஷம் ஒரு சாயங்காலம், அவரிடம் நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். “பெரியப்பா, அப்ப புக்கிட் பெலாண்டோக்ல நீங்க என்னா பாத்தீங்க?”

அவர் அப்போது தீவன லோரி ஓட்டிக்கொண்டிருந்தார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வாரம் மூன்று தடவை அந்தப் பண்ணைகளுக்குப் போயிருக்கிறார். மூட்டை இறக்குவதோடு சரி, கொட்டகைக்குள் போகும் வேலை அவருக்கு இல்லை. கூடவே பழகிய ஒருவர் கொட்டகைக்குள் வேலை செய்தார். இரண்டு பேரும் ஒரே நாளில் ஊசி போட்டுக்கொண்டார்கள். அவர் இறந்துவிட்டார்.

“பன்னி எல்லாம் நாய் மாரி இருமும்டா. லோரிய நிப்பாட்டுனா எஞ்சின் சத்தத்துக்கு மேல கேக்கும். புகை அடிக்க வந்தவன்கிட்ட சொன்னேன். பன்னிதான் சார் சீக்கா இருக்கு, கொசு இல்லன்னு. அவன் என்னைய ஒரு மாரி பாத்துட்டு, ஊசி போட்டியா, போட்டா போன்னு சொல்லிட்டான்.”

கொஞ்ச நேரம் நான் எதுவும் பேசவில்லை. நான் இதுவரை எழுதிய பண்ணைக்காரரின் சந்தேகமும் பெரியப்பாவின் சந்தேகமும் இரண்டு வேறு மனிதர்களுடையவை இல்லை. ஒரே மனிதர். 1999இல் அவரிடம் இருந்தது போய்ப் பார்க்கச் சொன்ன சந்தேகம், சரியான சந்தேகம். அதை வாங்கி வைத்துக்கொள்ள யாரும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் அது அவருக்குள்ளேயே கிடந்து கெட்டிப்பட்டு, 2021இல் கேட்டுக்கு வெளியே நின்ற என் முகத்தில் வந்து விழுந்தது. ஊசி விஷயத்தில் அவர் தவறு என்பதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தத் தவறை அவர் தனியாகச் செய்யவில்லை.

நான் படம் வரைந்து விளக்கியபோது, புகையடிக்க வந்தவரைப் போலத்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்திருப்பேன்.

இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறேன். எங்கள் பகுதியின் பழுது அறிக்கைப் படிவத்தில், ‘மெஷினில் நிற்பவர் என்ன சொல்கிறார்?’ என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். ‘மனிதத் தவறு’ என்று எழுதுவதற்கு முன்னால் அதை நிரப்பியாக வேண்டும். பெரும்பாலும் ‘தியாடா’ என்ற ஒற்றை மலாய்ச் சொல்தான் அதில் எழுதி வருகிறது. எதுவும் இல்லை என்று அர்த்தம். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போதெல்லாம் படிவத்தை எடுத்துக்கொண்டு நானே இறங்கிப் போய்ப் பக்கத்தில் நிற்கிறேன். கேட்டுப் பழகாதவர்களிடம் சொல்லிப் பழக அவர்களுக்கும் நாளாகும்.